பனித்துளி என்கிற நஞ்சம்மா

கம்ப்யூட்டர் திரையில் பெயர் கேட்ட கட்டத்துக்குள் ஒரு கோடு மின்னி மின்னி மறைந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க நஞ்சம்மாவுக்கு எரிச்சல் வந்தது. வீட்டுக்கு வந்த ஆளை வாசலிலேயே நிறுத்தி வைத்து “யாரு? யாரு?” என்று கேட்பதுபோல இருந்தது அது.

“சொல்லுக்கா, என்ன பேர் போடட்டும்?” என்றாள் ஜெசி.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த பிரவுசிங் சென்டர் அது. நஞ்சம்மாவும் ஜெசியும் ஒரே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்த ஜெசியை, வெள்ளைச் சுடிதாரைக்கூட மாற்ற விடாமல், நஞ்சம்மாதான் இழுத்து வந்திருந்தாள். கம்ப்யூட்டரிலேயே சிநேகிதம் பிடிக்கிற ஆர்குட் என்ற ஒன்று ஊரெல்லாம் காய்ச்சல்போலப் பரவியிருந்த 2007ஆம் வருஷம்.

“என் பேரையே போடேன்.”

“நஞ்சம்மான்னா? போட்டுரலாம். உன் மக பார்த்ததும் கம்ப்யூட்டரை அணைச்சிட்டு ஓடிருவா.”

ஜெசி சொன்னதில் தப்பில்லை. அவள் பிறந்த, கன்னடம் பேசுகிற ஜவளகிரிப் பக்கம் நஞ்சுண்டேஸ்வரர் பேரைச் சொல்லி வீட்டுக்கு வீடு ஒரு நஞ்சப்பனோ நஞ்சம்மாவோ இருப்பார்கள். அங்கே அது சாமி பெயர். தமிழ்க் காதுக்கு மட்டும் அதில் விஷம் கேட்கும். கேன்டீனில் அவள் டம்ளரை நீட்டினால், “குடிக்கலாமா, உசுருக்கு ஒண்ணும் ஆகாதே?” என்று கேட்டுச் சிரிக்கிற புண்ணியவான்கள் கம்பெனியில் இருந்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள். ஆனால் செல்வத்தைக் கட்டிக்கொண்டு, வளர்ந்த பெண்ணுக்குச் சித்தியாகப் போன பிறகு, அந்தப் பகடிக்கு அவளால் சிரிக்க முடியவில்லை. சித்திக்கு என்று பார்த்து வைத்தது போலல்லவா இருக்கிறது பெயர்!

செல்வத்துக்குச் சிவகங்கைப் பக்கம். லேத் ஆபரேட்டர். முதல் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகள் வினிதா ஒன்பதாம் வகுப்பு. அவள் பிளஸ் டூ படிக்கும்போதுதான் நஞ்சம்மா மத்திகிரியில் இருந்த அந்த வாடகை வீட்டுக்குள் காலை வைத்தாள். மறுவருஷமே வினிதா சேலத்தில் இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை. நடந்திருந்தால்கூடத் தேவலை. “வாங்க”, “போங்க”, “நீங்க சாப்பிடுங்க” என்று அந்தப் பெண் வாடகை வீட்டுக்காரம்மாவிடம் பேசுவதுபோல அளந்து பேசினாள். வீட்டுக்கு போன் செய்யும்போது நஞ்சம்மா எடுத்துவிட்டால், “அப்பா இருக்காங்களா?” என்பதோடு சரி.

“எம்புட்டு மரியாதை பாத்தியா எம்மகளுக்கு?” என்று செல்வம் பூரித்துப் போவான். ஆம்பளைக்கு என்ன தெரியும்? எந்த ஊரில் எந்தப் பிள்ளை பெற்றவளை ‘நீங்க’ என்று கூப்பிடுகிறது? அப்பாவுக்குத்தான் அந்த மரியாதை எல்லாம். அம்மா என்றால் ‘நீ’தான். அந்த ஒற்றை எழுத்துக்காக நஞ்சம்மா ஏங்கிக்கொண்டிருந்தாள் என்பதை அவனிடம் சொன்னால் சிரிப்பான் என்று சொல்லவில்லை.

“அக்கா, நேரம் ஓடுது.”

ஜெசியின் முகத்திலிருந்து பார்வையைத் திருப்பிய நஞ்சம்மா, எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். ரோஜாப்பூ, அதன் மேல் தண்ணீர்.

“பனித்துளின்னு போடு.”

அந்த வருஷம் ஆர்குட்டில் பாதிப் பெண்கள் பனித்துளி, மீதிப் பேர் வானவில். ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஜெசி ஒரு ரோஜாவை ஒட்டினாள். வினிதாவைத் தேடிப் பிடித்து நட்பு கேட்டும் வைத்தாள். மறுவாரம் போய்ப் பார்த்தால் வினிதா சேர்த்துக்கொண்டிருந்தாள். கூடவே ஒரு ஸ்க்ராப், எல்லாரும் பார்க்கும்படி அவள் பக்கத்தில் எழுதிய ஒரு வரி: “யாரு நீ?”

நஞ்சம்மா அந்த இரண்டாவது சொல்லைத் தொட்டுப் பார்க்காத குறை.

“ஓசூர்தான். கம்பெனில வேலை. உன் போட்டோ பார்த்தேன், பிடிச்சிருந்துச்சு” என்று பதில் போனது. ஜெசி தட்டச் சொல்லிக்கொடுத்தாள். கொஞ்ச நாளில் நஞ்சம்மாவே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டப் பழகிக்கொண்டாள். கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அவள். தமிழை வாயாரப் பேசுவாளே தவிர எழுதச் சொன்னால் எழுத்து தப்பும். ஆர்குட்டிலோ எல்லாரும் இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழைத் தட்டினார்கள். படித்தவள், படிக்காதவள் என்ற பேதமே இல்லாமல் எல்லாருடைய தமிழும் அதில் நொண்டியது. அவளுக்கு அது பெரிய ஆறுதல்.

வினிதா வாயாடி! நஞ்சம்மாவுக்கு இது தெரியவே தெரியாது. ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டினாள். வாத்தியாருக்குப் பட்டப்பேர் வைத்தாள். “ஏன்டி ரெண்டு வாரமா ஆளக் காணோம்? செத்துட்டியா?” என்று கேட்டாள். பிரவுசிங் சென்டர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்த நஞ்சம்மா, யாரோ தங்கச் சங்கிலி போட்டுவிட்டது போலப் பூரித்துப்போய், “டின்னு கூப்பிடறா பாரு” என்று ஜெசியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பெயர் ஒன்றைத் தவிர அவள் வேறு பொய் சொல்லவில்லை. அதையே தனக்குச் சமாதானமாகவும் வைத்துக்கொண்டாள். ஜுரம் என்றால் கஞ்சி குடிக்கச் சொன்னாள். பரீட்சை என்றால் விளக்கேற்றினாள்.

ஆசை சும்மா இருக்குமா? மார்கழியில் ஒருநாள் கேட்டுவிட்டாள். “பொங்கலுக்கு ஊருக்கு வரலையா?”

பதில் எல்லாரும் பார்க்கிற ஸ்க்ராப்பில் வரவில்லை. தனி மெசேஜாக வந்தது.

“வரல. அங்க எங்கம்மா இல்ல. அப்பா ரெண்டாவதா ஒருத்தங்களைக் கட்டிக்கிட்டாரு. கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா வந்த நாள்லேர்ந்து என்னை சின்னா, சின்னான்னுதான் கூப்பிடறாங்க. வினிதாங்கிறது எங்கம்மா ஆசையா வச்ச பேரு. அது அவங்க வாயில வராதாம். நான் சின்னவளாம், அவங்க பெரியவங்களாம். எங்கம்மா இருந்த வீட்டுல வந்து நின்னுக்கிட்டு என்னைச் சின்னவளாக்குறாங்க. அந்தக் கூப்பாட்டைக் கேக்கத்தான் ஊருக்கு வரணுமா, சொல்லு?”

நஞ்சம்மா ஒருமுறை படித்தாள். சொல்லெல்லாம் புரிந்தது, விஷயம்தான் உள்ளே இறங்க மறுத்தது. பிறகு இறங்கியது.

கன்னடத்தில் சின்னா என்றால் தங்கம். அவள் பிறந்த வீட்டில் தங்கத்துக்கு வேறு சொல்லே கிடையாது. மனசு இளகும்போது குழந்தையைப் பார்த்து வாயில் தானாக வருகிற சொல் அது. மணமாகி வந்த முதல் நாள், பள்ளிச் சீருடையில் ஒல்லியாக, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தபோது “வா சின்னா” என்று வந்துவிட்டது. அதற்கப்புறம் வேறு எப்படியும் கூப்பிடத் தோன்றவில்லை. சின்ன டப்பா, பெரிய டப்பா என்று நாளெல்லாம் பேக்கிங்கில் தமிழில் கத்துகிறவள்தான். ஆனால் கொஞ்சுகிற சொல்லை யார் நிறுத்தி வைத்து மொழிபெயர்த்துப் பார்க்கிறார்கள்?

வாயில் வந்ததிலேயே நல்ல சொல்லைத்தான் அவளுக்குக் கொடுத்தோம், அதுதான் அவளை இத்தனை நாளாகக் குத்திக்கொண்டிருந்திருக்கிறது என்று நினைத்ததும், நஞ்சம்மாவுக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. பக்கத்துத் தடுப்பில் இருந்த பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜெசி அவர்களை ஒரு முறை முறைத்துவிட்டு, மெசேஜைப் படித்தாள். அவள் ஓசூரிலேயே பிறந்தவள், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்று பாஷையும் தண்ணிபட்ட பாடு.

“அய்யய்யோ. சின்னான்னா தங்கம்னு அந்தப் புள்ளைக்குத் தெரியாதாக்கா? சிவகங்கைக்காரங்களுக்கு எங்க தெரியப்போகுது!” என்றாள். “இதுக்குப் போய் அழறியே. பனித்துளியே எடுத்துச் சொல்லட்டும். ‘அடியே, கன்னடத்துல அது தங்கம்டி’ன்னு ஒரு வரி தட்டினா முடிஞ்சுது.”

நஞ்சம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

“வேணாம். வேற யாரோ வந்து எனக்காகப் பேசின மாதிரி ஆயிரும். அதுவும் பொய்யான ஆளு. தப்பு பண்ணவ நான், நான்தான் சொல்லணும். பேரை மாத்து.”

“அக்கா, நல்லா யோசிச்சுக்கோ. பேரை மாத்தினா இனிமே எழுதறதுக்கு மட்டும் இல்ல, இதுவரைக்கும் நீ எழுதினதுக்கெல்லாம் மேல புதுப் பேருதான் நிக்கும். பனித்துளின்னு ஒருத்தி இருந்த அடையாளமே இருக்காது. ஏமாத்திட்டாங்கன்னு அவ வெட்டிவிட்டுட்டா?”

“தெரியும்.”

“இந்த நீ, வா, போடி எல்லாம் அதோட போச்சு. மறுபடியும் நீங்க, நாங்கன்னு ஆரம்பிப்பா.”

அதுதான் நஞ்சம்மாவின் பயமும். ஏங்கி ஏங்கிக் கிடைத்ததைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுக்க வேண்டும். பனித்துளியாகவே இருந்துவிட்டால் வாரம் ஒருமுறை இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மகளிடம் பேசலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தப் பெண் தன் அம்மாவைப் பற்றி மனசைத் திறந்து எழுதியிருக்கிறாள், அதை ரோஜாப்பூவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று கேட்டுக்கொண்டிருப்பது திருட்டு. இனி ஒரு வாரம்கூட அப்படி உட்கார அவளால் ஆகாது.

ஜெசி பெயர் மாற்றுகிற பக்கத்தைத் திறந்தாள். மறுபடியும் அதே கட்டம், அதே மின்னுகிற கோடு.

“வினிதா அம்மான்னு போடட்டுமா? பார்த்ததும் மனசு இளகும்.”

“சீ, அது அவங்கம்மா பேரு” என்றாள் நஞ்சம்மா. “என் பேரு என்னவோ அதைப் போடு. விஷம்னு நினைச்சா நினைச்சுக்கட்டும்.”

நஞ்சம்மா என்று ஏறியது. ரோஜாவையும் எடுத்துவிட்டார்கள். பிறகு அவளே மெசேஜ் தட்டினாள். ஒரு தவறுக்கு மூன்று முறை அழித்து அழித்து, ஜெசியின் உதவியைக்கூட வாங்காமல் தட்டினாள்.

“பனித்துளி நான்தான். நஞ்சம்மா. உன்கிட்ட பேச ஆசைப்பட்டு இப்படிப் பண்ணிட்டேன். தப்புதான். சின்னான்னா எங்க பாஷையில தங்கம். உன்னைச் சின்னவளாக்க நினைக்கல. இனிமே வினிதான்னே கூப்பிடறேன். உங்கம்மா வச்ச பேரு நல்ல பேரு. என்னை எடுத்துடணும்னா எடுத்துடு. பொங்கலுக்கு மட்டும் வா, அப்பா ஏங்கறாரு.”

அந்த வாரம் முழுக்க அவள் பேக்கிங்கில் பெட்டிகளை மாற்றி மாற்றி ஒட்டினாள். லைன் சூப்பர்வைசர் வெங்கடப்பன் தெலுங்கில் திட்டினார், கன்னடத்தில் திட்டினார், அவள் பிரித்துப் பிரித்து மறுபடி ஒட்டினாள். நடுவில் வினிதா ஒருநாள் போன் செய்தாள். நஞ்சம்மாதான் போனை எடுத்தாள். அந்தப் பக்கம் கொஞ்சம் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

“அப்பா இருக்காங்களா?”

அவ்வளவுதான். நஞ்சம்மா போனைச் செல்வத்திடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றாள். போச்சு என்று முடிவு செய்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டருக்கு வரமாட்டேன் என்றவளை இந்த முறை ஜெசிதான் இழுத்துப்போனாள். உள்ளே நுழைந்து பார்த்ததில் வினிதா அவளை நட்பிலிருந்து எடுத்திருக்கவில்லை. ஸ்க்ராப் ஒன்று வந்திருந்தது. தனி மெசேஜ் இல்லை, ஊரே படிக்கிற இடத்தில். அவளுடைய காலேஜ் கூட்டாளிகள், யார் யாரோ எல்லாரும் பார்க்கும்படி. நஞ்சம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“நீயே படி ஜெசி. எடுத்தெறிஞ்சு எழுதியிருந்தா சொல்லாத.”

ஜெசி வாசித்தாள்.

“நீ பண்ணது ரொம்பத் தப்பு. உன் மேல எனக்கு இருக்கிற கோவத்துக்கு அளவே இல்ல. நான் பனித்துளிகிட்ட என்னென்னவோ சொல்லியிருக்கேன், நீ பாட்டுக்கு உக்காந்து கேட்டிருக்க. பழைய ஸ்க்ராப் எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஜுரத்தப்ப கஞ்சி குடின்னு சொன்னது, பரீட்சை அன்னைக்கு நீ எழுதினது, எல்லாத்து மேலயும் உன் பேரு நிக்குது. ராத்திரி பூரா தூக்கம் இல்ல. போன்ல கேக்கலாம்னா நீ எடுத்ததும் பேச்சு வரல. இதெல்லாம் நேர்ல வந்து சண்டை போடணும். போகி அன்னைக்கு சாயங்காலம் சேலம் பஸ்ல வர்றேன். ஸ்டாண்டுக்கு நீ வா. அப்பாவ அனுப்பாத.”

ஜெசி நிமிர்ந்தாள். வாசித்ததை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

“அக்கா, நல்லா கோவமாத்தான் இருக்கா போல.”

“ஆமா” என்றாள் நஞ்சம்மா. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. “எவ்ளோ திட்டியிருக்கா பாரு. ஒரு எடத்துல கூட நீங்கன்னு வரலடி.”