இசைவாணியின் வண்டி ஓடிய சனிக்கிழமை

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எழுத உட்கார்ந்தது வேறு கதை. 2007 தீபாவளி மலருக்காகச் சென்னையிலிருந்து ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். "உங்க சிவகாசிப் பக்கத்து வெடிவிபத்த வச்சு உருக்கமா ஒண்ணு குடுங்க" என்றார். போனிலேயே தலையாட்டிவிட்டு, விவரம் சேகரிக்க நாரணாபுரம் போனேன். போன இடத்தில், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், செருப்பு டப்பா அளவில் ஒரு வண்டி தன்னால் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கப்புறம் எங்கே உருகுவது!

2.

"கந்தகம் மணக்கும் அந்த மாலைப் பொழுதில்—"

அடித்துவிட்டேன்.

"விஞ்ஞானம் என்னும் விளக்கை அந்தப் பிஞ்சு உள்ளங்களில்—"

சீ, இது கல்லூரி ஆண்டறிக்கை.

நேராகவே வருகிறேன். பிரபாகரன் மல்லாங்கிணற்றுப் பையன், எஞ்சினியரிங் மாணவன். சனிக்கிழமைதோறும் பஸ் மாறி வந்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யச் சொல்லிக்கொடுக்கிறான். தரையில் வெள்ளைத் தாள், தாளில் கறுப்புக் கோடு. வண்டியின் அடிவயிற்றில் இருக்கும் சென்சார் கோட்டைப் பார்க்கும். வண்டி அதன் வழியே போகும். அவ்வளவுதான் சங்கதி.

வெள்ளைத் தாளுக்குப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? அச்சாபீசில் கழித்துப் போட்ட காலண்டர் தாள்களை ஒட்டி வைத்திருந்தார்கள். வண்டி கோட்டை விட்டுவிட்டு, காலண்டர் படத்தில் இருந்த அய்யனார் மீசையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சுற்றியது. வகுப்பே உருண்டு உருண்டு சிரித்தது.

"திருப்பி ஒட்டுவோம்ணே, பின்னாடி வெள்ளதான" என்றாள் ஒருத்தி. அவள்தான் இசைவாணி. வண்டியில் முக்கால்வாசி அவள் கைவேலை.

3.

இவளைக் கூச்ச சுபாவமாக, மெலிந்து, பெரிய கண்களோடு எழுதுவதாக இருந்தேன். எங்கே! என்னைப் பார்த்ததும், "நீங்க பத்திரிகையா? எம்பேர மூணு சுழி ணி போட்டு எழுதுங்க" என்றாள். அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை. போகட்டும்.

மறுநாள் விருதுநகரில் அறிவியல் கண்காட்சி. அவளுடைய வண்டியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவளும் போகவேண்டும், ஓட்டிக் காட்டவேண்டும். அதற்கு அவளுடைய அம்மா சம்மதிக்க வேண்டும். அம்மா இருளம்மாள் பட்டாசுக் கம்பெனியில் வேலை முடித்து, நகக்கண்ணில் மருந்தின் வெள்ளி நிறம் போகாமல் வந்து வாசலில் நின்றாள்.

இந்த நேரம் பார்த்துப் பிரபாகரன் பேட்டரியில் கம்பியைக் கையாலேயே தொட்டு மாட்டினான். சுவிட்ச் மாட்ட நேரமில்லையாம். சுரீர் என்று கடுகளவு பொறி.

அறை காலி.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கூச்சல் இல்லை. பையை எடுக்கவில்லை, ஒருவரை ஒருவர் இடிக்கவில்லை. ரெண்டு வாசலிலும் இறங்கி வேப்பமரத்தைத் தாண்டிப் போய் நின்றார்கள். முதல் ஆள் இசைவாணி. அவள் கையைப் பிடித்தபடி இருளம்மாள்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இங்கே பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித்தரும் முன்பே இதைச் சொல்லித்தந்துவிடுவார்கள். பொறி தெறித்தால் என்ன ஏதென்று பார்க்காதே, ஓடு. நின்று பார்ப்பவர்கள் வெளியூர்க்காரர்கள்.]

உள்ளே நின்ற மடையர்கள் ரெண்டு பேர். பிரபாகரனும் நானும்.

வண்டி மட்டும் பிள்ளைகள் இல்லாத அறையில் ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் ஒரு தலை முளைத்தது, அப்புறம் நாலு, அப்புறம் எண்ண முடியவில்லை.

"ஏலே, ஓடுதுலே!"

"வளையுதுலே! ஆத்தீ, வளையுது பாருலே!"

 

4.

"அம்மா, இது ஆறு வோல்ட்டுதான், ஒண்ணும் செய்யாது—" என்றான் பிரபாகரன், உள்ளே திரும்பி வந்த இருளம்மாளிடம்.

"ஒண்ணும் செய்யாதுன்னுதான் எல்லாரும் சொல்லுவாக தம்பி" என்றாள் இருளம்மாள். "பொறி இல்லாத பொழப்பா இவளுக்கு அமையணும்னுதான இங்கன அனுப்புதேன். இங்கயும் பொறின்னா எப்பிடி?"

(இந்த இடத்தில் பிரபாகரனுக்கு ஒரு நீளமான வசனம் எழுதியிருந்தேன். நல்ல வசனம். கிழித்துப் போட்டேன். நிஜத்தில் அவன் பைக்குள் கையை விட்டுச் சுவிட்சைத் தேடினான்.)

பேசியது இசைவாணி, அவனைப் பார்த்து. "சுவிச்ச பையில வச்சுக்கிட்டா கையால தொட்டீக? எங்க கம்பெனியா இருந்தா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாகண்ணே!"

ரெண்டு பேரும் குனிந்து சுவிட்சை மாட்டினார்கள். தட்டினாள். பொறி இல்லை, வண்டி கிளம்பியது. பிள்ளைகள் விசில் அடித்தார்கள்.

இருளம்மாள் சிரிக்கவில்லை. "இத நிப்பாட்டுறது எங்கன?"

மகள் காட்டினாள். அம்மா குனிந்து நிறுத்தினாள். வண்டியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமல், அவளே மறுபடி போட்டாள்.

5.

முடிவு என்று மூன்று எழுதிப் பார்த்தேன். வெடிப்பது (ஆசிரியருக்குப் பிடிக்கும்). கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொள்வது (பிரபாகரனின் கல்லூரிக்குப் பிடிக்கும்). மூன்றாவதில் அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதை நானே சகிக்கமாட்டாமல் அடித்தேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இருளம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வண்டியை மகள் கையில் கொடுக்காமல், தன் முந்தானையிலேயே பொதிந்து எடுத்துக்கொண்டு போனாள். ஒளித்துவைக்கவா, பத்திரப்படுத்தவா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதோ, விடிந்துவிட்டது. விருதுநகர் பஸ் நிற்கிறது. பிரபாகரன் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, "ஒரு நிமிசம்ணே, ஒரே நிமிசம்" என்று கண்டக்டரிடம் கெஞ்சுகிறான். நான் ஜன்னலோரம் மாட்டிக்கொண்டேன், இங்கிருந்து தெருமுனை மறைக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தெரியும். யார் வருகிறார்கள், பார்த்துச் சொல்லுங்கள்.