குணேஸ்வரி பார்த்த யப்பான்

நான் இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறியபோது, தாயும் மகளும் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு சிறீதரன் அண்ணை மூலமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, அம்மாட்டக் கேளுங்கோ, கழுவுறதுக்கு வேற உடுப்பு இருக்கோ எண்டு."

"இல்லையெண்டு சொல்லுங்கோ அவவுக்கு."

சிறீதரன் அண்ணை முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தார். இருவர் சொல்வதையும் அவர் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஜெர்மனியில், எசன் பட்டணத்தில் எங்கள் கட்டடத்துச் சுவர்கள் அப்படி.

சாவுத் துடக்கு உள்ள வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது அயலாரின் கடமை. கடமையைச் செய்யப் போகும்போது காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா போக முடியும்?

யப்பான் பயணம் மகள் மிதுஷாவின் ஏற்பாடு. ஆஸ்பத்திரி லாப்பில் வேலை செய்கிற பிள்ளை, இரண்டு வருட லீவைச் சேர்த்து, தாயை மட்டும் கூட்டிக்கொண்டு கியோத்தோ என்ற பட்டணத்துக்குப் போய் வந்தது. அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு கோயிலாம். ஒன்று புத்தர் கோயில், இல்லாவிட்டால் அந்த நாட்டுத் தெய்வங்களின் கோயில், ஷின்தோ. தாய் குணேஸ்வரி முதலில் அசையவேயில்லை. "புத்தரைப் பாக்க யப்பானுக்கு ஏன் போவான்? எங்கட ஊரில சந்திக்குச் சந்தி கொண்டுவந்து வைக்கிறாங்கள்தானே" என்று படிக்கட்டில் வைத்து எனக்கே சொன்னவள். பிறகு, கலியாணம் பொருந்தி வருவதற்கென்றே அங்கே ஒரு கோயில் இருக்கிறது என்று யாரோ காதில் போட்டார்கள். அடுத்த நாளே குளிர்ச்சட்டை வாங்கக் கடைக்குப் போனாள். மகளுக்கு முப்பத்தொரு வயது. இங்கே ஹம் பட்டணத்து அம்பாளிலிருந்து கனடாப் பிள்ளையார் வரை எல்லோருக்கும் நேர்த்தி வைத்துக் களைத்திருந்தவளுக்கு, கேட்டுப் பார்க்காத தெய்வம் ஒன்று மிச்சம் இருந்தது பெரிய ஆறுதல்.

அவர்கள் போய் இறங்கிய இரண்டாம் நாள், ஊரில், கரவெட்டியில் சிறீதரன் அண்ணையின் சித்தப்பா மகன் செத்துப்போனார். அண்ணை நொண்டி நொண்டிக் கீழே வந்து, "சொல்லுறதோ விடுறதோ?" என்று என்னிடம் கேட்டார். "வாய மூடிக்கொண்டு இருங்கோ, அதுகள் வந்த பிறகு சொல்லலாம்" என்றேன். "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு மேலே போய் நேரே போனை எடுத்தார். மனிதர் ரகசியம் வைத்திருக்கும் அழகு அது.

நாங்கள் வேதக்காரர். மன்னாரில் ஒரு சாவு என்றால் முதலில் மாதா கோயிலுக்குத்தான் ஓடுவோம். இவர்களுக்கு மறுவளம். பங்காளி செத்தால் முப்பத்தொரு நாள் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. சந்து பொந்தெல்லாம் கோயிலாக இருக்கிற பட்டணத்தில் போய் மாட்டுப்பட்டால் பாவம், அந்த மனுசி என்ன செய்யும்?

"எல்லா வாசலையும் பாத்தன், பேர்பெச்சுவா அக்கா" என்றாள் குணேஸ்வரி, நான் கொண்டுபோன பெட்டியைத் திறந்தபடி. "மழைக்குள்ள ஒரு வாசல், வெயிலுக்குள்ள ஒரு வாசல். இவ உள்ள போவா, நான் இவவின்ர பையைக் காவிக்கொண்டு நிப்பன். தனக்கும் துடக்கு எண்டு தெரிஞ்சுகொண்டும் போவா!"

"அது எங்கட கோயிலே இல்லை, அன்ரி" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது. இம்முறை தகப்பனை விட்டுவிட்டு என்னைப் பிடித்தார்கள்.

"சாமியில எங்கட சாமி, உங்கட சாமி எண்டு இருக்கோ?"

"அப்ப புத்தரைப் பற்றி ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

குணேஸ்வரி அதைக் கேட்காதவள் போல என் பக்கம் திரும்பினாள். "அந்தக் கலியாணக் கோயில் வாசலில ஒரு வயசான மனுசன், சனத்துக்கு வழி காட்டுறவர். நான் வெளியில நிக்கிறதைக் கண்டிட்டு ஏனெண்டு கேட்டார். இவ இங்கிலிசில சொன்னா. அந்தாள் எனக்குக் குனிஞ்சு கும்பிட்டுதக்கா! அவையளும் அப்பிடித்தானாம். வீட்டில சாவெண்டா கொஞ்ச நாளைக்கு அந்தப் பெரிய வாசலைத் தாண்ட மாட்டினமாம். கேட்டியளே? யப்பான்காரனுக்குத் தெரியுது, என்ர பிள்ளைக்குத் தெரியேல்ல."

மிதுஷா ஈரக் கையோடு குசினி வாசலுக்கு வந்தாள். "மிச்சத்தையும் சொல்லுங்கோவன். புத்தர் கோயிலுக்குத் தாராளமாய்ப் போகலாம், செத்தவீட்டுக் காரியமே அங்கதான் செய்யிறவை எண்டும் அவர் சொன்னவர்."

"செத்தவீடு செய்யிற இடத்துக்குள்ள போய் நான் என்னத்தைக் கும்பிட?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொதியை முகர்ந்து பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். மிதுஷா சிரிக்கவில்லை. லாப்பில் ஒரு நாளில் எத்தனையோ பேருடைய இரத்தத்தை நிதானமாகப் பார்க்கிற பிள்ளை, தாயின் ஒரு பதிலில் காது மடல் வரை சிவந்து நின்றாள். தாயின் முகத்திலும் வென்றவளின் களை இல்லை. வரம் கேட்க வேண்டும் என்று அவ்வளவு தூரம் போன இடத்தில் கேட்காமல் திரும்பியவள் அவளுந்தான்.

"ஒரு கோயிலில தோட்டம் ஒண்டு இருந்தது, அன்ரி" என்றாள் மிதுஷா. "வெறும் கல்லும் மணலும். சனம் சத்தம் போடாமல் முன்னால குந்தி இருக்கும். அதில அம்மாவைப் பக்கத்தில இருத்தி வைச்சுச் சொல்லுவம் எண்டுதான் இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போனனான். இந்த வீட்டில கதைக்கத் தொடங்கினா ரீவி, இல்லாட்டி போன், இல்லாட்டி..." என்னைப் பார்த்து நிறுத்தினாள். அடுத்த சொல் நான்தான் என்று விளங்கியது. இருந்தும் நான் எழும்பவில்லை.

"என்னத்தைச் சொல்ல?" சிறீதரன் அண்ணை ஐஸ் பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு மியூனிக்கில வேலை கிடைச்சிருக்கு. கையெழுத்தும் வைச்சிட்டன். வாற மாதம் போறன்."

"தனியவோ?"

"தனியத்தான், அப்பா."

குணேஸ்வரி இடியப்பங்களை ஒவ்வொன்றாகச் சாப்பாட்டுக் கோப்பைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. கலியாணமாகாத பிள்ளை தனிய வேறு பட்டணத்தில் என்று கத்தப் போகிறாள், கீழ்வீட்டு ஜெர்மன்காரி தடியால் கூரையைத் தட்டப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.

"துடக்குக்குள்ளயோ கையெழுத்து வைச்சனி?" என்றாள். அதுதான் அவள் கையில் மிச்சம் இருந்தது.

"அதுக்கு முதலே வைச்சிட்டன். முதல் உங்களுக்குச் சொல்லுவம், பிறகு மற்ற ஆக்களுக்குச் சொல்லுவம் எண்டுதான் அங்க கூட்டிக்கொண்டு போனனான். நீங்கள்தான் உள்ள வரேல்ல."

"நீ வெளியில வந்து சொல்லியிருக்கலாமே."

மிதுஷா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். கதவு அடித்துச் சாத்தப்படவில்லை. அடித்திருந்தாலும் பரவாயில்லை என்று பட்டது.

நான் வெற்றுச் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவுகிற சாட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். குணேஸ்வரி உள்ளே போய், பயணத்துக்கு வாங்கிய பெரிய பெட்டிக்குள் இருந்த தன் உடுப்புகளைக் கட்டிலில் கொட்டினாள். ஈரத்துணி எடுத்து அதன் நான்கு சில்லுகளையும் துடைத்தாள். வெறும் பெட்டியை உருட்டிக்கொண்டு போய் மகளின் அறைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, தட்டாமல் திரும்பி வந்தாள்.

"இதை அவளிட்டக் குடுக்கிறியோ, இல்லை அவளைப் போகச் சொல்லுறியோ?" என்று சிறீதரன் அண்ணை கேட்டார். அவள் ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

பழைய கட்டடம், தரை ஒரு பக்கம் சரிவு. பெட்டி சிறிது நேரம் நின்று யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, தானாகவே மெல்ல உருண்டுபோய்க் கதவில் முட்டியது.