ஆனிக் காற்றில் அமர்ந்தவன்

பொதிகையின் முகட்டில் முகில்கள் கரிய யானைக் கூட்டமென நெருங்கி நிற்க, மலைக்கணவாய் வழியே இறங்கிய ஆனி மாதத்து மேல்காற்று, பனையோலைகளைச் சலசலக்க வைத்து, தண்பொருநையின் நீர்மேல் சுருக்கங்களை விழச்செய்து, திருவைகுண்டத்துக்குக் கீழே ஆற்றின் இருமருங்கும் பரந்து கிடந்த வாழைத் தோட்டங்களுக்குள் புகுந்து, இலைகளை நார்நாராகக் கிழித்துக்கொண்டிருந்த விடியற்பொழுது அது. கொற்கைப் பக்கம் பறந்து செல்லும் கொக்குகளும் அன்று துணிவின்றி வரப்பில் கழுத்தைச் சுருக்கி நின்றன.

அத்தோட்டங்களுள் ஒன்றன் நடுவே கோரைப்பாய் விரித்து, கண்களை மூடி, நிமிர்ந்து அமர்ந்திருந்தான் இசக்கிராஜா. குத்தகை நிலத்தில் வாழை பயிரிடுபவன். அவனுடைய குலை தள்ளிய மரங்களைச் சென்ற ஆண்டு இதே காற்று ஒரே பகலில் சாய்த்துவிட்டது. இவ்வாண்டும் சாய்ந்தால் நிலத்தைக் கைவிட்டுத் தூத்துக்குடியில் காவல் வேலைக்குப் போவதென்று கணவனும் மனைவியும் முடிவுசெய்திருந்தனர். அன்று தொட்டு அவனுக்கு உறக்கமில்லை. மரம் முறிவதாக எண்ணி உண்கையில் எழுந்து ஓடுவான், ஒன்றுமில்லையென்று திரும்புவான், கை கழுவுமுன் மீண்டும் ஓடுவான். கம்பு ஊன்றவும் கயிறு கட்டவும்தான் பிறந்தோமா, வேறெதற்கேனும் பிறந்தோமா என்னும் கேள்வி அவனைக் கறையான்போல் அரித்தது. மூச்சைக் கவனித்து மனத்தை அடக்கும் ஊழ்கப் பயிற்சியைப் பாளையங்கோட்டையில் கற்பித்த யூனிஸ் அம்மையாரை நாடினான்.

"சத்தம் வந்தா வரட்டும். அதுக்குப் பின்னால ஓடாதீங்க," என்றார் அவர்.

அவனோ அப்பயிற்சியையும் உழவுபோலவே செய்தான். பல்லைக் கடித்து, புருவத்தை நெரித்து, ஏரில் பூட்டிய காளையைப்போல் மூச்சை அதட்டினான். மனைவி முத்துராணிக்குச் சிரிப்பு வரும்.

"கண்ண மூடிக்கிட்டும் வாழைக்கு உரந்தான் வைக்கிய. மூஞ்சிலயே தெரியுது."

"சும்மா இருட்டி."

"நான் சும்மாதான் இருக்கேன். ஒங்களாலதான் முடியல."

அச்சொல் தைத்ததாலோ என்னவோ, எவ்வோசைக்கும் எழுவதில்லையென்று அவன் அன்று உறுதி பூண்டிருந்தான். 'மளுக்'கென்று ஒரு மரம் நெரிந்தது. அது சென்ற ஆண்டின் அச்சம் என்று விலக்கினான். மீண்டும் நெரிந்தது, மீண்டும் விலக்கினான். "என்னங்க!" என்று முத்துராணியின் குரல் எழுந்தது. அதையும் மனத்தின் ஆரவாரமென்று ஒதுக்கி, அடுத்த மூச்சைப் பற்றினான்.

"ஏ மனுசா! நான் செத்தாத்தான் வருவியளா?"

ஓடினான். கிழக்கே சாய்ந்த வாழையொன்றைத் தோளில் தாங்கி, முழங்கால் சேற்றில் புதைய அவள் நின்றாள். ஊன்றுகம்பு கைக்கெட்டாமல் கிடந்தது. அவன் நெருங்குமுன் தண்டு முறிந்து, குலை அவள் தோளைக் கிழித்துக்கொண்டு வீழ்ந்தது.

"கேக்கலியா?"

"கேட்டுச்சு."

"கேட்டுமா உக்காந்திருந்திய?"

அடுத்த மரம் சாயத் தொடங்கியிருந்தது.

"முதுகக் குடுங்க. நான் கம்ப ஊனுதேன். அசையாதிய."

முதுகைக் கொடுத்தான். தண்டின் நடுக்கம் அவன் எலும்பில் ஏறியது. இடப்புறம் ஒரு மரம் விழுந்தது, கால்கள் துடித்தன. ஓடினால் இது விழும், நின்றால் அவை விழும். நின்றான். குருதி வழியும் தோளோடு அவள் கயிற்றை இறுக்கிக்கொண்டிருக்க, அவன் மூச்சு தானே வந்தது, தானே போயிற்று, அதை அதட்டுவாரில்லை. இவ்வாறே மரத்துக்கு மரம் முதுகு கொடுத்துப் பகல் கழிந்தது.

காற்று தணிந்தபோது பாதிக்குமேல் நின்றிருந்தன.

"இந்த வருசமும் இங்கனதான் கெடக்கணும் போல," என்றாள் முத்துராணி, காயத்தைத் துணியால் கட்டியவாறே. "நாளைக்கும் உக்காருவியளா?"

"உக்காருவேன். நீ கூப்பிட்டா எந்திரிப்பேன்."

"எந்திரிச்சா கம்போட வாங்க."

அறிவுடையீர், எதற்காகப் பிறந்தோம் என்னும் அவன் கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை. இன்றும் கிடைத்ததாகத் தெரியவில்லை. அமைதி வேண்டிச் செவியடைப்போர், தம்மை அழைக்கும் குரலையும் சேர்த்தே அடைத்துவிடுகின்றனர் என்பதொன்றே அவன் கற்றது. அதற்கும் விலை கொடுத்தவள் அவள். புண் ஆறிவிட்டது. ஆயினும் ஈரக்காற்று வீசும் நாள்களில் அத்தோள் வலிக்கிறது. அவள் அதை அழுத்திப் பிடிக்கக் காணுந்தோறும், அவன் எழுந்து பாயைச் சுருட்டி வைக்கிறான்.