நாலு குடம் தண்ணீரும் ஒரு சமாரிய ஸ்திரீயும்

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து பிறந்தது. அச்சுப்பிழை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அச்சகத்தார் மேல் பழியைப் போட்டால் அவர் மறுக்கவும் மாட்டார், அவருக்குப் பழகிப்போன விஷயம்தான். ஆனால் எழுத்தெல்லாம் சரியாகவே விழுந்திருந்தது. பிழை எழுதியவருடையது.

எழுதியவர் பெயர் வேதசிரோமணி. கிழக்குத் தாம்பரத்தில் குடியிருப்பவர். தொலைபேசி அலுவலகத்தில் புகார்களைக் குறித்துக்கொள்ளும் எழுத்தர். இந்தக் கதையை எழுதுபவரும் அவரேதான். வாசகர் இரண்டாம் பகுதிக்குள் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறோம். முதலில் "நான்" என்றுதான் எழுதிப் பார்த்தார். மூன்றாவது வரியிலேயே தன்னை மன்னிக்கத் தொடங்கிவிட்டார். ஆகவே படர்க்கை.

இன்னொன்று. இந்தக் கதைக்குச் சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. ஒரு நிபந்தனை உண்டு. அது அதற்குரிய இடத்தில் வரும்.

2

அவர் போகும் கிறிஸ்தவ சபையின் மாதப் பத்திரிகைக்குப் பதினாறு பக்கம், முந்நூறு பிரதி. ஏழாம் பக்கம் வேதசிரோமணிக்கு. பகுதியின் பெயர் "அன்றாடத்தில் ஓர் அப்பம்". பதினோரு வருடமாக அவர் கண்ணில் பட்ட எதுவும் பாடமாகாமல் தப்பியதில்லை. குக்கர் மூன்று விசில் வரை பொறுத்திருப்பதில் பொறுமை. மின்சார ரயில் தாம்பரத்தோடு நின்றுவிடுவதில் நியாயத்தீர்ப்பு. தூங்கினாலும் விழித்திருந்தாலும் எல்லோரும் இறங்கியே ஆக வேண்டும். செருப்பு வார் அறுந்ததில் மூன்று பாடங்கள்.* எல்லாக் கட்டுரையும் ஒரே வரியில் முடியும்: "நாமும் அப்படித்தான் அல்லவா, பிரியமானவர்களே?"

அவர் மனைவி ஹில்டா பள்ளி ஆசிரியை. திருத்துவது அவருக்குத் தொழில்.

"ஏங்க, பால் பொங்கினா மத்தவங்களுக்கு அடுப்ப அணைக்கத் தோணும். உங்களுக்கு மட்டும் பாடம் தோணுது."

(* நான்காவதும் ஒன்று இருந்தது. இடமில்லை.)

3

தொடக்கம் எழுதிப் பார்த்தவை:

(அ) 1993ஆம் ஆண்டு மே மாத வெயில் சேலையூர் ஏரியை... (வேண்டாம். வெயிலை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.)

(ஆ) தண்ணீர் என்பது யாதெனில்... (இது ஏழாம் பக்கத்துக்குப் போக வேண்டியது.)

(இ) வேதசிரோமணி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டுச் சரசுவின் அடிபம்பில் இருந்தது.

இது போதும். சரசு வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை தைப்பவர். அவரோடு இருந்த தசரதன் வேன் ஓட்டுபவர். தசரதன் தாலி கட்டிய மனைவி ஊரப்பாக்கத்தில் இருந்தார். தெரு முழுக்க இது தெரியும். தெரியாததுபோல் நடந்துகொள்வதில் தெருவுக்குள் நல்ல ஒற்றுமை இருந்தது.

அந்த மே மாதம் யாரும் கேட்காமலேயே, காலை ஐந்தரைக்கு காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: "சார், குடத்த குடுங்க." நாலு குடம். ஒரு நாளும் தவறியதில்லை. ஹில்டாவுக்குக் காய்ச்சல் வந்த வாரம் ஆறு குடம்.

[இங்கே சரசுவைப் பற்றி ஒரு நல்ல அடைமொழி எழுதியிருந்தார். அடித்துவிட்டார். காரணம் அடுத்த பகுதியில்.]

4

நன்றி சொல்ல வேண்டும் என்று வேதசிரோமணிக்கு உண்மையாகவே தோன்றியது. நன்றி சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே இடம் ஏழாம் பக்கம்.

பைபிளில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியனைத்தான் அவர் நினைத்தார். முன்பின் தெரியாதவனுக்கு, வேறு ஜனம், வேறு கோயில் என்று பார்க்காமல் உதவியவன். சரசு அப்படித்தானே? ஆனால் சமாரியன் ஆண்பால். சரசு பெண்பால். இலக்கணம் படித்தவர் என்ன செய்வார்? தலைப்பு வைத்தார்: "எங்கள் தெருவில் ஒரு சமாரிய ஸ்திரீ".

வேதம் அறியாத வாசகருக்காக: சமாரிய ஸ்திரீ என்பவர் வேறு ஆள். உச்சி வெயிலில் தனியாகக் கிணற்றுக்குத் தண்ணீர் மொள்ள வந்தவர். அவருக்கு அதற்கு முன் ஐந்து புருஷர்கள். அப்போது உடன் இருந்தவரோ புருஷனே அல்ல. சபையில் இது தெரியாதவர் கிடையாது. வேதசிரோமணி ஒன்பது வருடம் ஞாயிறு பள்ளியில் நடத்திய பாடம். அன்று மட்டும் அவர் தலை முழுக்க இலக்கணம்தான் இருந்தது.

கட்டுரையில் தண்ணீர் இருந்தது. குடம் இருந்தது. பக்கத்து வீடு என்று அடையாளமும் இருந்தது. கடைசியில், நாமும் அப்படித்தான் அல்லவா என்றும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கியத் தலைவி தபீதாள் அவரைத் தேடி வந்தார்.

"பிரதர், தைரியமா எழுதிட்டீங்க. எங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயந்தான். யாருக்கும் பத்திரிகையில போட மனசு வரல."

"ஸ்தோத்திரம்," என்றார் வேதசிரோமணி.

வேளச்சேரி சாலைத் திருப்பத்தில், ஸ்கூட்டரின் பின்னால் இருந்த ஹில்டா மெதுவாகக் கேட்டார்.

"ஏங்க, கெணத்தடியில வந்த அந்தம்மாவுக்கு அஞ்சு புருஷன் இல்ல?"

வண்டி நின்றது. பின்னால் வந்த பஸ்காரர் சொன்னதைப் பத்திரிகையில் போட முடியாது.

5

தெருக்கோடி அருள்மேரி ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனபோது பத்திரிகையையும் கொண்டுபோனார். உங்களைப் பற்றி அச்சில் வந்திருக்கிறது என்று ஆசையாகப் படித்துக் காட்டியிருக்கிறார். சரசு தலைப்புக்கு அர்த்தம் கேட்டிருக்கிறார். அருள்மேரிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

புதன்கிழமை காலை ஐந்தரைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் வரவில்லை.

வேதசிரோமணிக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. தண்ணீர் போனால் லாரி வரும். அந்தக் குரல் போனால் வேறு வராது என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அலுவலகப் புகார்ப் படிவத்தின் பின்பக்கத்தில் மன்னிப்பை மூன்று அம்சங்களாக எழுதிக்கொண்டார். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்ததால் பச்சை பிளாஸ்டிக் குடத்தையும் எடுத்துக்கொண்டார்.

அங்கே நடந்ததை இரண்டு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறார்.

ஒன்று: சரசு அழுதார், வேதசிரோமணியும்... (சரசு அழவில்லை.)

இரண்டு: "பரவால்ல சார், தப்பு செய்யாத மனுசன் யாரு" என்று சிரித்தார். (இது ஏழாம் பக்கத்துச் சரசு.)

நடந்தது:

"இன்னா சார், தண்ணியா?" சரசு மிஷினை நிறுத்தவில்லை.

"இல்லம்மா. ஒரு தப்பு நடந்துபோச்சு..."

"அருள்மேரிக்கா சொல்லிச்சு. அஞ்சு பேராமே. எனக்கு மொத்தமே ரெண்டு சார். மொத ஆளு செத்துட்டாரு."

"நல்ல மனசோடதாம்மா எழுதினேன். வேற ஒருத்தரச் சொல்ல வந்து..."

மிஷின் நின்றது.

"தண்ணி நானா குட்த்தேன் சார். என் கதைய குட்த்தேனா?"

மூன்று அம்சங்கள் எழுதிய படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் பம்ப் பக்கத்தில் குடத்தை வைத்துவிட்டு நின்றார்.

சரசுதான் கேட்டார். "அந்தப் பொம்பளைக்கு அப்பால இன்னா ஆச்சு?"

இது தெரியும். வேதசிரோமணி ஞாயிறு பள்ளிக் குரலில் தொடங்கினார். "அவங்க பெரிய ஆளுமா. குடத்த அங்கயே விட்டுட்டு ஊருக்குள்ள ஓடினாங்க. ஊரே அவங்க பேச்சக் கேட்டு வந்துச்சு."

"குடம்?"

"என்னம்மா?"

"குடத்த யாரு எட்தா? தண்ணிக்குன்னு வந்துட்டு குடத்த உட்டுட்டுப் போனா, வூட்ல இன்னா பண்ணுவா?"

ஒன்பது வருடம். எத்தனையோ பிள்ளைகள். ஒருவரும் கேட்டதில்லை.

"தெரியலம்மா," என்றார். பதினோரு வருடத்தில் அவர் சொன்ன முதல் "தெரியல" அதுதான். சரசு மறுபடி மிஷினை மிதிக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஹில்டா கேட்டார்: "குடம் எங்க?"

6

வாசகரும் கவனித்திருப்பார். பாடம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு ஆள் குடத்தோடு போய், குடத்தை விட்டுவிட்டு வருகிறார். பதினோரு வருடத்தில் இப்படியொன்று அவருக்கு வாய்த்ததில்லை. ஆகையால் பிரியமானவர்களே, நாமு...

[இல்லை.]

அடுத்த மாதம் ஏழாம் பக்கத்தில் இரண்டே வரி எழுதிக் கொடுத்தார். சென்ற மாதத் தலைப்பு தவறு; நல்ல சமாரியன் என்று இருந்திருக்க வேண்டும்; பிழை முழுக்க என்னுடையது. அச்சகத்தார், ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, வழக்கமான கடைசி வரியைத் தாமே சேர்த்துவிட்டார். அதோடு வேதசிரோமணி அந்தப் பகுதியை நிறுத்திவிட்டார்.

மூன்று வருடம் கழித்து, இந்தக் கதையை எழுதலாமா என்று கேட்கப் போனார். கேட்டுவிட்டு எழுதுவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

சரசு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கோங்க. பேர மாத்தாதீங்க, அப்பால வேற யாரோன்னுவாங்க. ஆனா நீங்க குடத்த உட்டுட்டுப் போனதுக்கு மறுநாள் காலைல நடந்துச்சே, அத மட்டும் எழுத வோணாம். அது என்னுது."

அதுதான் நிபந்தனை. வேதசிரோமணி அதற்குக் கட்டுப்பட்டவர். ஆகவே அவர் எழுதக்கூடிய கடைசி வரி இது:

மறுநாள் காலை ஐந்தரைக்கு வேதசிரோமணி பின்கதவைத் திறந்தார். காம்பவுண்டுச் சுவரின் மேல்

(மீதி சரசுவிடம் இருக்கிறது. மிஷின் சத்தம் வரும் வீடு. வேண்டுமென்பவர் போய்க் கேட்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இஷ்டம்.)