சேற்றுக்கால ஸ்விங் கோஷ்டி

க்ளோவிஸ் பெல்ட்டியே ஒரு ஜனவரியில் டெக்சஸுக்கு விதை உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு போனான். போன இடத்தில் லாரியின் கியர் பெட்டி உடைந்துவிட்டது. புதுப் பெட்டி வரும்வரை ஒரு சிற்றூரில் மாட்டிக்கொண்டவன், போக்கிடம் இல்லாமல் அங்கிருந்த நடனக் கூடத்துக்குள் நுழைந்திருக்கிறான். திரும்பி வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக என் வாசலில் லாரியை நிறுத்தி, பனியை உதறாமல் உள்ளே வந்தான்.

"ஓடில், உன் கித்தார எடு. மடியில படுக்க வச்சு வாசி."

"அது என்ன குழந்தையா, மடியில படுக்க வைக்க?"

"சொல்றதக் கேளுடி. கம்பி மேல இரும்ப வச்சு இழுக்கணும். அப்படியே மனுஷன் அழற மாதிரி வரும். அழுதுக்கிட்டே ஆடலாம். ஸ்விங்னு பேரு."

எனக்கு அவனைப் பள்ளி நாளிலிருந்தே தெரியும். அவன் மண்டையில் ஒன்று ஏறிவிட்டால் இறக்க முடியாது. நான் உருளைக்கிழங்கு வறுவல் ஆலையில் இரும்பைப் பற்றவைக்கும் வெல்டிங் வேலை பார்க்கிறவள். கழித்துப் போட்ட எஃகுத் தண்டு ஒன்றை அறுத்து, தேய்த்து, மெருகேற்றி, கம்பி மேல் வைத்து இழுத்துப் பார்த்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க என் நாய் ஊளையிட்டது. பிறகுதான் மின்சாரத்தில் ஒலிக்கும் நல்ல ஸ்டீல் கித்தார் ஒன்று வாங்கினேன்.

முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கும் தெல்மா காஞ்ஞோன் பாட வந்தாள். காது கேளாத கிழவர்களிடம் நாளெல்லாம் பேசிப் பேசி அவள் குரல் பக்கத்துப் பண்ணை வரை போகும். ஆல்பன், ஆல்சீத் என்று இரட்டையர்கள்: ஆல்பன் ஆளுயர பேஸ், ஆல்சீத் ட்ரம்ஸ். க்ளோவிஸ் ஃபிடில், அதாவது வயலின். பனி உருகி வயலெல்லாம் சகதியாகி, யாருக்கும் வேலை ஓடாத ஏப்ரல் மாதத்தில் ஒன்றுசேர்ந்ததால் எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட பெயர் சேற்றுக்கால ஸ்விங் கோஷ்டி.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் வட கோடி எங்கள் ஊர். ஆற்றைத் தாண்டினால் கனடா; எங்கள் தாத்தா பாட்டிகள் பேசியது பிரெஞ்சு. இங்கே கௌபாயும் இல்லை, பாலைவனமும் இல்லை. படைவீரர் சங்கக் கூடத்தில் முதல் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் சொந்தக்காரர்கள். மீதிப்பேர் கூடம் சூடாக இருக்கும் என்று வந்தவர்கள். ஆனால் சமையலறையில் ஃபிடில் கேட்டு வளர்ந்த கால்கள் எங்கள் ஊர்க் கால்கள். புதுத் தாளத்தோடு கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றன, பிறகு சமாதானமாகிவிட்டன. அடுத்த குளிர்காலத்தில் கோட்டு மாட்ட ஆணி போதவில்லை.

அப்போதுதான் கேரல் ஹாஸ்கெல் சங்கக் கூடத்தின் நிர்வாகக் குழுத் தலைவரானார். கார் வியாபாரம் செய்கிற மனுஷர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊருக்குள் எது முளைத்தாலும் அதன் மேல் தன் கடைப் பலகையைத் தொங்கவிட வேண்டும் அவருக்கு. ஊரே ஸ்விங் ஆடுகிறது என்று தெரிந்ததும் ஆகஸ்டில் ஒரு விழா அறிவித்தார். டெக்சஸிலிருந்து ராய்ஸ் டாரன்ட் என்பவரின் குழு வருகிறது என்று தெருவெங்கும் சுவரொட்டி. எங்களைத் தன் கடைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"முதல் அரை மணி உங்களுக்குத்தான்," என்றார். "ஆனா ஸ்விங் வேண்டாம். நம்மூர் பழைய பிரெஞ்சுப் பாட்டு நாலு வாசிங்க. வெளியூர்க்காரங்களுக்குப் பிடிக்கும்."

"ஸ்விங் ஏன் வேண்டாம்?" என்றாள் தெல்மா.

"ஒரிஜினல் வரப்போகுது. அதுக்கு முன்னாடி நகல் எதுக்கு? டெக்சஸ்காரன் சங்கீதத்த டெக்சஸ்காரன் வாசிச்சாத்தானே அழகு."

க்ளோவிஸ் சிரித்தான். கோபம் வந்தால் அவன் சிரிப்பான்.

"ஃபிடில் எங்கப்பன் வீட்டுல இருந்தது சார். கித்தார மடியில படுக்க வச்சவன் ஹவாய்க்காரன். அந்தத் துள்ளல் கறுப்பர்கள் குடுத்தது. போல்கா ஆட்டத்த ஜெர்மனிக்காரனும் செக் நாட்டுக்காரனும் கப்பல்ல கொண்டுவந்தாங்க. இதுல டெக்சஸ் எது? தொப்பியா?"

"பேச்சுக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார் ஹாஸ்கெல். "இன்னொண்ணு. யாரும் ஆடக்கூடாது. இன்ஷூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டான். நாற்காலி போடுறேன்."

வெளியே வந்ததும் எங்களுக்குள் சண்டை. போகவே வேண்டாம் என்றேன் நான். "போகலேன்னா பயந்துட்டோம்னு ஆகும்டி," என்றாள் தெல்மா. இரட்டையர்கள் வழக்கம்போல ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தார்கள். க்ளோவிஸ் மட்டும் நிதானமாக, "போறோம். நாலு பாட்டு கேட்டாரில்ல, நாலு வாசிப்போம். எந்த நாலுன்னு மேடையில முடிவு பண்ணிக்கலாம்," என்றான்.

விழா நாள் மதியம் வெயில் சுள்ளென்று அடித்தது. புல்வெளி முழுக்க மடக்கு நாற்காலிகள். மேடை ஓரத்தில் ராய்ஸ் டாரன்ட் வெள்ளைத் தொப்பியோடு, கையில் காபியோடு நின்றிருந்தார்.

க்ளோவிஸ் அவன் அப்பா வாசிக்கும் ஒரு பழைய பிரெஞ்சு ஆட்டப் பாட்டைத் தொடங்கினான். ஹாஸ்கெல் முன்வரிசையில் தலையாட்டினார். முதல் சுற்று முடியும் இடத்தில் க்ளோவிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். ட்ரம்ஸ் மெல்லத் துள்ள ஆரம்பித்தது. நான் இரும்பைக் கம்பியில் வைத்து நீளமாக ஓர் இழுப்பு இழுத்தேன். அதே பாட்டு, அதே பிரெஞ்சு வார்த்தைகள், ஆனால் இப்போது அது ஸ்விங். கூட்டத்தில் தோள்கள் அசைந்தன.

ஹாஸ்கெல் எழுந்து ஒலிப்பெட்டிக்காரனிடம் போனார். அடுத்த நிமிஷம் மின்சாரம் போனது.

ஃபிடிலுக்கு மின்சாரம் தேவையில்லை. பேஸுக்கும் ட்ரம்ஸுக்கும் வேண்டாம். தெல்மாவுக்கோ என்றைக்குமே மைக் வேண்டியிருந்ததில்லை. அவர்கள் நிறுத்தவே இல்லை. என் கித்தார் மட்டும்தான் செத்துப்போனது. இத்தனை பேர் முன்னால் மடியில் பிணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது எனக்கு. என் முறை வந்தது. வாசிக்க ஒன்றும் இல்லை. கண்ணில் நீர் முட்டியது. அதைவிட அதிகமாகக் கோபம் முட்டியது.

கித்தாரைக் கீழே வைத்துவிட்டு மேடையிலிருந்து குதித்தேன். இரண்டாம் வரிசையில் கிழங்கு விவசாயி யூபெர் மிஷோ உட்கார்ந்திருந்தார். இடுப்பு மாற்று அறுவை முடிந்து அவர் எழுந்து நடந்தே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"ஆட வரீங்களா?" என்றேன்.

"உனக்கு ஆடத் தெரியாதே, ஓடில்."

"தெரியாது. இழுத்துக்கிட்டு போங்க."

அவர் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மடக்கி, பத்திரமாகப் புல்லில் படுக்கவைத்தார். பிறகு என் கையைப் பிடித்தார். அவர் பெண்டாட்டி தன் நாற்காலியை மடக்கினாள். பின்வரிசையில் ஒரு நாற்காலி மடங்கும் சத்தம், அப்புறம் இன்னொன்று. பட், பட் என்று அந்தச் சத்தமே எனக்குத் தாளமாகக் கேட்டது. நான்காவது பாட்டு முடியும்போது புல்வெளியில் உட்கார்ந்திருந்தவர் ஹாஸ்கெல் ஒருவர்தான். யூபெரின் காலை நான் எத்தனை முறை மிதித்தேன் என்று கேட்காதீர்கள்.

நாங்கள் இறங்கும்போது ராய்ஸ் டாரன்ட் க்ளோவிஸை நிறுத்தினார்.

"தம்பி, நாங்க இப்படி வாசிக்கிறதில்ல. தாளம் ரொம்ப ஓங்கி விழுது. விறகு பிளக்கிற மாதிரி இருக்கு."

"நாங்க விறகு பிளக்கிறவங்கதான்," என்றான் க்ளோவிஸ்.

அவர் பாராட்டவும் இல்லை, கை குலுக்கவும் இல்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேடையேறினார். அற்புதமாக வாசித்தார் மனுஷன். அதை நான் மறுக்க மாட்டேன். அவர் வாசித்தபோதும் ஜனங்கள் ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள். நாற்காலியை விரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

செப்டம்பரில் சங்கக் கூடம் எங்களுக்கு மூடப்பட்டது. தரையைப் பழுதுபார்க்கிறோம் என்றார்கள். பழுதுபார்க்கிற ஆள் யாரும் உள்ளே போய் நான் பார்க்கவில்லை.

தெல்மாவின் அண்ணனிடம் பாதி மண்மேட்டுக்குள் புதைந்த மாதிரி கட்டின பழைய கிழங்குக் கிடங்கு ஒன்று காலியாக இருந்தது. அறுவடை முடிந்த வாரங்களில், ஆலை வேலை போக மிச்ச நேரமெல்லாம் அங்கேதான் கிடந்தோம். தரைக்குப் பலகை அடித்தோம். குளிர் காய ஓர் இரும்பு உலையை நானே வெல்டிங் செய்து கொடுத்தேன். எவ்வளவு கழுவினாலும் மண்வாசனை போகவில்லை, விட்டுவிட்டோம்.

முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் தீயணைப்பு ஆய்வாளர் வந்தார். யார் சொல்லி வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரே ஒரு கதவுதான் இருக்கு. இத்தனை பேரை உள்ள விட முடியாது. ரெண்டாவது வழி வேணும்."

"எங்க வேணும்?" என்றான் ஆல்பன்.

"எதிர்ப்பக்கம். ஆனா அது சுவராச்சே."

"எவ்வளவு அகலம்?"

ஆய்வாளர் கையை விரித்துக் காட்டினார். ஆல்பன் வெளியே போனான். ஆல்சீத் அவன் பின்னாலேயே போனான். சற்று நேரத்தில் பின்சுவருக்கு அந்தப்பக்கம் மரமறுக்கும் ரம்பம் உறுமியது. பலகையைக் கிழித்துக்கொண்டு அதன் பல் உள்ளே வந்தது. தூளும் வெளிச்சமும் ஒன்றாகக் கொட்டின. ஆய்வாளர் இரண்டடி பின்வாங்கினார்.

"நான் அடுத்த வாரத்துக்குள்ள செய்ங்கன்னு சொல்ல வந்தேன்," என்றார்.

"நாளைக்கு ஆட்டம் சார்," என்றாள் தெல்மா. "ப்ளோய் சாப்பிடுறீங்களா? கோழிக்குழம்பும் இருக்கு."

அவர் ஒரு பக்கம் மட்டும் சுட்ட அந்த மெல்லிய அப்பத்தில் வெண்ணெய் தடவிச் சுருட்டித் தின்றுகொண்டே ரம்பம் முடியக் காத்திருந்தார். நான் இரும்பில் கீலும் தாழ்ப்பாளும் வைத்துக் கொடுத்தேன். வெளியே கீழ்ப்பாதியை மூடியிருந்த மண்மேட்டை வெட்டி வழி செய்தோம். இருட்டுவதற்குள் அது கதவாகிவிட்டது. ஆய்வாளர் அளந்து பார்த்தார், திறந்து மூடிப் பார்த்தார், வெளியே போய் உள்ளே வந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் மாலை உறைபனி. ஜனங்கள் கோட்டோடும் சேற்று பூட்ஸோடும் வந்தார்கள். ஹாஸ்கெலின் கடையில் வேலை செய்யும் பையன்கள்கூட வந்திருந்தார்கள். வந்ததை மறைக்கவும் இல்லை. யூபெர் மிஷோ என்னைத் தேடிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டார்.

"இன்னிக்கு ஆட முடியாது, கரண்ட் இருக்கு," என்றேன்.

க்ளோவிஸ் ஃபிடிலைத் தாடைக்கடியில் வைத்தான். "ஓங்கியே அடி," என்றான் ஆல்சீத்திடம்.