நாற்பத்தோரு கிண்ணம்

சாக்கடல் பக்கத்துக் கராக் ஊரில் வேலை கேட்டு ஹலிதி ஏறாத படி இல்லை. கொமொரோ தீவிலிருந்து நிலவியல் படிக்க வந்து ஏழு மாதமாகிறது. வகுப்பு போக மிச்ச நேரத்துக்கு ஒரு வேலை, அவ்வளவுதான் கேட்டான். ரொட்டிக்கடை, செருப்புக்கடை, கைப்பேசி பழுதுபார்க்கும் கடை எல்லாவற்றிலும் ஒரே பதில்: "இன்ஷா அல்லாஹ், ஞாயித்துக்கெழம வா." எந்த ஞாயிறு என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ஊரிலிருந்து மாமா ஃபோனில் கறாராகச் சொல்லிவிட்டார். "வியாழக்கெழமைக்குள்ள வேல கெடைக்கலேன்னா டிக்கெட் அனுப்புறேன், கெளம்பி வா. கிராம்புத் தோட்டத்துல ஆள் பத்தல."

வியாழன் காலை பத்து மணிக்கு ஹலிதி அபூ அவ்வாதின் கூடத்துக்குள் நுழைந்தான். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் கூடாரம், நாற்காலி, காப்பி ஊற்ற ஆள் எல்லாம் அனுப்புகிறவர் அவர். மீசை அகலமானது; வாசலில் ஒருக்களித்துத்தான் நுழைவார்.

"மொதலாளி, ஒரு வேல..."

"உக்காரு. மொதல்ல காப்பி, அப்புறம் பேச்சு."

காப்பி ஊற்றுகிற சுவைலிம் கிழவர் வந்தார். இடக்கையில் கொக்குமூக்குக் கெண்டி, வலக்கையில் பிடியில்லாத சின்னக் கிண்ணம். ஏலக்காய் மணக்கும் கசப்புக் காப்பி. ஹலிதி குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினான். சுவைலிம் மறுபடி ஊற்றினார்.

போதுமென்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். அங்கே தவழுகிற பிள்ளைக்கும் இது தெரியும். ஹலிதிக்குத் தெரியாது, விடுதியில் அவன் ஊர்ப் பையன்களோடு தேநீர் குடித்தே ஏழு மாதத்தை ஓட்டியிருந்தான். கொடுத்ததை வேண்டாமென்றால் வீட்டுக்காரருக்கு அவமானம் என்பது அவன் வளர்ப்பு. ஆட்டாத கிண்ணத்துக்கு ஊற்றாமல் விட்டால் ஊருக்கே அவமானம் என்பது சுவைலிமின் வளர்ப்பு.

பன்னிரண்டாவது கிண்ணத்தில் பக்கத்து இறைச்சிக்கடை முஃப்லிஹ் எட்டிப் பார்த்தார். இருபதாவதில் கடையை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இவனுக்கு இருக்கிறது வயிறா, சாக்கடலா?"

"பேசாம இருங்க முஃப்லிஹ்," என்றார் அபூ அவ்வாத். "விருந்தாளி."

"சுவைலிம், விட்றாதீங்க! ஊர் மானம் உங்க கையில!"

"கை எங்கய்யா இருக்கு? மரத்துப்போயி ஒரு மணி நேரமாச்சு," என்றார் சுவைலிம், ஊற்றிக்கொண்டே. மூன்று முறை புதிதாகக் காய்ச்சினார்கள். ஹலிதி வேலையைப் பற்றி வாய் திறக்கும்போதெல்லாம் வாய்க்கு எதிரே கிண்ணம் வந்து நின்றது.

நாற்பத்தோராவது கிண்ணத்தை நீட்டினான். கை நடுங்கிற்று. கிண்ணம் ஆடிற்று.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று சுவைலிம் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். தூக்கிய இடக்கை மட்டும் தூக்கியபடியே நின்றது. அதைக் கீழே இறக்க இரண்டு பேர் தொங்க வேண்டியிருந்தது.

"போதும்னா மொதல்லயே ஆட்டியிருக்கலாமேடா!" என்றார் அபூ அவ்வாத்.

"இப்பவும் நான் ஆட்டல மொதலாளி. அதுவா ஆடுது."

கூடம் சிரித்து ஓய்ந்தபோதுதான் அபூ அவ்வாதின் மீசை தொங்கிற்று. நான்கு மணிக்கு அடுத்த தெருவில் கல்யாணம். நானூறு பேர். ஊற்றுகிற கையோ துணியில் கட்டிக் கிடக்கிறது.

"நான் ஊத்துறேன். அந்த வேலையக் கேக்கத்தான் வந்தேன்," என்றான் ஹலிதி.

"இந்தக் கையாலயா?"

"வேற கை இல்லையே, மொதலாளி."

கல்யாணக் கூடாரத்தில் ஹலிதி கெண்டியோடு நுழைந்ததும் பேச்சு அடங்கியது. காப்பி வருகிறது என்று தெரிவிக்க ஊற்றுகிறவர் இரண்டு கிண்ணங்களை டிங் என்று ஒருமுறை தட்டுவது வழக்கம். ஹலிதி கையில் அடுக்கியிருந்த ஏழு கிண்ணமும் ஓயாமல் ஒலித்தன. கெண்டியும் கிண்ணமும் ஒரே அளவில் நடுங்கியதால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. நிலநடுக்கத்தைப் பாடமாகப் படிக்கிறவனுக்கு இது பெரிதில்லை.

குழல்காரர் வாசிப்பை நிறுத்திக் காது கொடுத்தார். பிறகு அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். முழங்கால் வலியென்று பதினோரு வருஷமாக நாற்காலியை விட்டு எழாத மாப்பிள்ளையின் பெரியப்பா, எழுந்து போய், கைகோத்து ஆடுகிறவர்கள் வரிசையில் முதல் ஆளாகக் கால் தட்டினார். மாப்பிள்ளையை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவரும் வரிசையில்தான் இருந்தார்.

இருட்டுவதற்குள், அடுத்து கல்யாணம் வைத்திருந்த மூன்று வீட்டார் அபூ அவ்வாதைச் சூழ்ந்துகொண்டு, "ஒலிக்கிற பையன்தான் வேணும்," என்றார்கள்.

"வாராவாரம் வியாழன், வெள்ளி வந்துரு," என்றார் அவர். "எத்தனாவது கிண்ணத்துல கை ஆட ஆரம்பிச்சுது?"

"முப்பதத் தாண்டி, மொதலாளி. சரியா எண்ணல."

"அடுத்த வாரம் எண்ணிப் பாப்போம். சுவைலிம், கைக்கு எண்ணெ தடவி வைங்க."

"எனக்கு அடுத்த வாரம் காய்ச்சல்," என்றார் சுவைலிம்.

ஹலிதி வெளியே ஓடிவந்து ஊருக்கு ஃபோன் போட்டான். "மாமா, வேலகெடச்சுருச்சு, டிக்கெட்டுவேண்டாம், காப்பிஊத்துறவேல, வாரத்துலரெண்டுநாள்!"

"ஒண்ணும் புரியலடா. கொஞ்சம் மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் மாமா பேசுறேன்!"