ஆடிய தகடு

சைலன்சர்காரனின் இடது கையை வைஸ் இடுக்கியின் இரும்புத் தாடைக்குள் திணித்து ஒரு திருகு திருகியபோது அவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். அடுத்த திருகில் கெஞ்சினான். அதற்கடுத்ததில் சுண்டுவிரல் முறிந்த சத்தம் பட்டறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"இப்பச் சொல்லு. செய்வியா, மாட்டியா?" என்றான் மச்சினன்.

ஊருக்கே அவன் மச்சினன்தான். லாரி ஷெட் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. அக்காள் புருஷன் தொழிலில் உட்கார்ந்து தின்று கொழுத்தவன். டீசல் திருடிப் பிடிபட்ட அன்று, டிரைவர்கள் எல்லோரும் பார்க்க முதலாளி அவனைச் செருப்பால் அடித்துத் துரத்தினார். முதுகில் வாங்கியது ஆறிவிட்டது, மனசில் வாங்கியது புழுத்துக்கொண்டிருந்தது. ஷெட்டில் நிற்கிற லாரிகளை ஒன்று விடாமல் கொளுத்துவதென்று முடிவுகட்டி, முதலாளியிடம் இருப்பது போலவே ஒரு பைக்கை வாங்கி, இரண்டு தடியன்களோடு பட்டறைக்கு வந்து நின்றான்.

கொளுத்த வேண்டுமென்றால் முதலில் உள்ளே போக வேண்டும். அங்கேதான் சிக்கல். ஷெட்டின் இரும்புக் கேட்டுக்கு உள்பக்கம் மட்டுமே தாழ்ப்பாள். அது ஒரே ஒரு சத்தத்துக்குத்தான் திறக்கும். முதலாளிக்குத் தன் கேட் முன்னாலேயே பிரேக் பிடித்து நிற்பது மானக்கேடு. தெருமுனையில் பைக் உறுமினால் கேட் விரியத் திறந்திருக்க வேண்டும், ஐயா வேகம் குறையாமல் உள்ளே போவார். பெரிய மகாராஜா! அந்த உறுமலை அவருக்குச் செய்து கொடுத்தவன் சைலன்சர்காரன். அதைக் கேட்டுத் தாழ்ப்பாளை இழுக்கிறவன் அவன் தம்பி. பட்டறையில் அண்ணனோடு வேலை பார்த்தவனின் காதுக்கூர்மையைப் பார்த்து மயங்கித்தான் முதலாளி அவனைக் கேட்டுக்குக் கூட்டிப்போனார்.

"சாப்பிட்டுப் படுத்து எந்திரிச்சு சாயங்காலம்தான் வருவாரு அந்தாளு. அதுக்குள்ள எனக்கு அதே சத்தம் வேணும்" என்றான் மச்சினன்.

"கேட்டுல என் தம்பி நிக்கிறான்யா."

"தெரியும். தொறந்துட்டு ஓரமா நின்னான்னா அவனை நான் ஏன் தொடப்போறேன்?"

இதை ஒரு பச்சைக் குழந்தைகூட நம்பாது. தடியன்களின் இடுப்பில் வெட்டுக்கத்தி இருந்தது. தம்பியோ ஓரமாக நிற்கிற ஜாதி இல்லை. சம்பளம் கொடுக்கிற இடத்துக்கு உயிரையும் சேர்த்துக் கொடுக்கிற கிறுக்கன். கேட் திறந்தால் தம்பி செத்தான். சைலன்சர்காரனின் தலைக்குள் அந்த ஒன்றுதான் ஓடியது.

"செய்றேன். கையை விடு" என்றான்.

தடியன் ஒருவன் அவன் போனைத் தரையில் போட்டுச் சம்மட்டியால் நொறுக்கினான். இன்னொருவன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் காவலுக்கு நின்றான்.

கம்பெனி சைலன்சர் என்பது தடுப்புத் தகடு வைத்துக் கட்டிய அறைகள். புகை ஒவ்வோர் அறையாக நுழைந்து, திரும்பி, சோர்ந்துபோய் வெளியே வரும். சத்தமும் கூடவே சோர்ந்துபோகும். பின்பக்க வெல்டை கிரைண்டரால் அறுத்து, நடுத்தகட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு, உள்குழாயில் துளை போட்டுக் கண்ணாடிப் பஞ்சு சுற்றினால் தொண்டைக்குரல் போய் அடிவயிற்றுக்குரல் வரும். முறிந்த விரலைத் துணியால் பக்கத்து விரலோடு கட்டிக்கொண்டு அவன் இதையெல்லாம் செய்தான். கிரைண்டர் அதிரும்போதெல்லாம் வலி தோள்வரைக்கும் ஏறியது. ஒரு தடவை வாந்தி எடுத்தான். "கடையிலேயே கக்குறான் பாரு, சுத்தக்காரன்" என்று தடியன் சிரித்தான்.

கடைசித் தகடு ஒன்று பாக்கி. உள்குழாய் அதன் ஓட்டைக்குள் புகுந்து வெளியே வரும், இரண்டையும் சேர்த்து வெல்டு வைக்க வேண்டும். அவன் முதுகால் மறைத்துக்கொண்டு, வெல்டிங் ராடைத் தட்டிப் பொறி மட்டும் பறக்கவிட்டான். வெல்டு வைக்கவில்லை. இனி அந்தத் தகடு குழாயின்மேல் ஆடும். ஆழமான சத்தத்துக்கு உள்ளே டக்குடக்கென்று மெல்லிசாய் ஒரு தட்டல் கேட்கும். பட்டறையில் இருந்த நாளில் தம்பி அதைக் கேட்டதும், "பல்லு ஆடுது சார், புடுங்கிக் கட்டணும்" என்று வண்டிக்காரர்களைக் கலாய்ப்பான். முதலாளியின் பைக்கில் அந்தத் தட்டல் கிடையாது. தம்பி கேட்பான், முகம் சுளிப்பான், தாழ்ப்பாளில் வைத்த கையை எடுப்பான். சைலன்சர்காரனுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது.

பைக்கில் மாட்டி உதைத்ததும் பட்டறைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. அதே உறுமல். அதற்குள் டக், டக்.

மச்சினன் தலையைச் சாய்த்தான். "என்னடா தட்டுது?"

"புதுப் பஞ்சு. ஓட ஓட அடங்கிடும்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"அடங்கலேன்னா உன்னை அடக்குறேன். இரு, ஓட்டிப் பார்க்கிறேன்."

மச்சினன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். பக்கத்துத் தெருக்களிலெல்லாம் முறுக்கிப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகத் திரும்பினான். உறுமல் சுத்தமாக வந்தது. தட்டல் இல்லை. மருந்துக்குக்கூட இல்லை.

"சொன்ன மாதிரியே அடங்கிடுச்சேடா! கைகாரன்தான்யா நீ!" என்று மச்சினன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான்.

அப்போதுதான் சைலன்சர்காரனுக்கு உறைத்தது. குழாய் சூடானால் விரியும். விரிந்தால் தகட்டின் ஓட்டையில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். காலையில் தட்டுகிறது என்று வாடிக்கைக்காரர்கள் வண்டியை ஓட்டி வருவார்கள், கடைக்கு வந்து சேர்வதற்குள் தட்டல் காணாமல் போயிருக்கும், அண்ணனும் தம்பியும் சேர்ந்து அவர்களைக் கேலி செய்வார்கள். அன்றாடம் பார்க்கிற விஷயம். பயத்தில் மறந்து தொலைத்திருக்கிறான். தன் தம்பியைக் கொல்லத் தன் கையாலேயே பழுதில்லாமல் செய்து கொடுத்திருக்கிறான்.

யோசிக்கவில்லை. சம்மட்டியை எடுத்து மச்சினன் தலைக்கு வீசினான். அது தோளில்தான் விழுந்தது. மறு வீச்சுக்கு முன் தடியன் அவன் முழங்காலில் இரும்புக் குழாயால் அடித்தான். விழுந்தவனின் விலாவில் மாறி மாறி மிதித்தார்கள். வாயிலிருந்து பல்லும் ரத்தமும் தரையில் கொட்டின.

"நேரமாச்சு, வாங்கடா. இவனைத் திரும்பி வந்து பார்த்துக்கலாம்" என்றான் மச்சினன். ஷட்டர் இறங்கியது. வெளியே பூட்டு விழுந்தது.

ஊர்ந்து போய் கிரைண்டரை எடுத்தான். ஷட்டரின் தகட்டை அறுத்தான். பொறி முகத்தில் தெறித்தது, இமை பொசுங்கியது, நிறுத்தவில்லை. வளைத்த இடுக்கில் நுழையும்போது முதுகு கிழிந்தது. வெளியே வாடிக்கைக்காரர் ஒருவரின் சைலன்சர் கழற்றிய பைக் நின்றது. அதை உதைத்துக் கிளப்பினான். வெறும் குழாயிலிருந்து வெடி வெடித்தது. தெருவில் போனவர்கள் காதைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். கடவுளே, தம்பி கேட்டைத் திறந்திருக்கக் கூடாது, காது அடைத்துப்போயிருக்கட்டும், தூங்கிப்போயிருக்கட்டும் என்று கத்திக்கொண்டே ஓட்டினான்.

கேட் திறந்துதான் கிடந்தது. உள்ளே லாரிகள் எரிந்தன. ஒரு டயர் வெடித்தது. கொளுத்தியவர்கள் போய்விட்டார்கள். தம்பி கேட்டை ஒட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வயிற்றைப் பொத்திய கை மணிக்கட்டுவரை சிவப்பாக இருந்தது. பக்கத்தில் வளைந்த கடப்பாரை கிடந்தது. எதிர்த்து அடித்திருக்கிறான், முட்டாள்.

"எந்திரிடா. ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரி."

தூக்கப் பார்த்தான். அடிபட்ட முழங்கால் மடங்கி இருவரும் விழுந்தார்கள்.

"முதலாளின்னுதாண்ணே தொறந்தேன்" என்றான் தம்பி. "சத்தம் அவரு வண்டி மாதிரியே இருந்துச்சு."

அண்ணன் அழுதான். மூக்கும் வாயும் ஒழுக, வெட்கமில்லாமல் அழுதான். "நான்தாண்டா செஞ்சேன். கையை உடைச்சுட்டானுங்கடா. கடைசித் தகட்டுக்கு வெல்டு வைக்காமத்தான் அனுப்பினேன். பல்லு ஆடுறதைக் கேட்டா நீ தொறக்க மாட்டேன்னுதான்..."

தம்பி அவனைப் பார்த்தான். கோபம் இல்லை. பட்டறையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்த காலத்தில் பேசுவது போலவே பேசினான்.

"சூடானா பிடிச்சுக்குமேண்ணே" என்றான். "மறந்துட்டியா?"